விஷமக்காரி

உடும்பஞ்சோலை
11 ஆகஸ்ட் 2025

தனபால் அவர்களுக்கு,

உங்கள் அணில் ஆர்த்தியைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

போன வியாழக்கிழமை மூன்றாம் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பள்ளி வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. குழந்தைகள் பாதுகாப்பு ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி, கவுன்சலர் லிஜி, சேலை கட்டிய ஒரு பெண் போலீஸ். ஆர்த்தியை ஆபீஸ் ரூமுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். வகுப்பு டீச்சரான என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். வீட்டில் தமிழ் தவிர வேறு பேசாத பிள்ளையிடம் மலையாளத்தில் கேட்டார்கள். பிறகு அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் அம்மா சின்னத்தாய் அப்போது ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். சேதி கேட்டு அவள் சேறும் சகதியுமாக ஓடிவந்தபோது பெஞ்சில் பை மட்டும்தான் இருந்தது.

எதற்காக என்று கேட்டேன். "கேமில் சிவப்பு காட்டியது டீச்சர். இனி எங்களால் சும்மா இருக்க முடியாது" என்றார் லிஜி.

ஜூன் மாதம் உங்கள் கம்பெனியின் டேப்லெட் விளையாட்டைக் கொண்டு நீங்கள் இங்கே வந்தது நினைவிருக்கிறதா? காகிதத்தில் செய்த அணில் முகமூடியைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தீர்கள். அன்று எங்களிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இது வெறும் வெளையாட்டுத்தானுங்க டீச்சர். காலைல அணில் 'எப்படி இருக்கே'ன்னு கேக்கும். பசங்க ஒரு பழத்தக் குடுப்பாங்க. மனசு லேசாகும், அப்பறம் கணக்கும் தன்னால வரும். யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க." பிள்ளைகள் பழம் கொடுக்கும்போது டீச்சர் டேப்பைப் பார்க்கக் கூடாது, சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும் என்று ஒரு விதியும் வைத்தீர்கள். நானும் தினமும் காலையில் சுவரைப் பார்த்து நின்றேன். பார்க்கக் கூடாது என்பது எனக்கு மட்டும்தானா? எட்டிப் பார்த்தது யார்?

போனில் கேட்டால் "பாக்கறனுங்க, பாக்கறனுங்க" என்கிறீர்கள். நாளைக்கு அதையும் சொல்லவில்லை என்பீர்கள். அதனால் இனி எல்லாம் காகிதத்தில் இருக்கட்டும். ஆர்த்தி உங்கள் அணிலிடம் என்ன சொன்னாள்? எழுதி அனுப்புங்கள்.

கற்பகம்

*

கொழிஞ்சாம்பாறை
19 ஆகஸ்ட் 2025

கற்பகம் டீச்சருக்கு வணக்கம்ங்க.

உங்கள் கடிதத்தை என் அக்கா கோமதிதான் முதலில் பிரித்தாள். "யார்றா இது, போலீஸ்காரி மாதிரி எழுதியிருக்கறா?" என்றாள். எனக்குக் கோபமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் கத்தியிருப்பேன்.

நான் பொய் சொல்லவில்லை. யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஐந்து பழங்கள், ஐந்து மனநிலைகள். பிள்ளை எதைக் கொடுத்தது என்பது பெயரில்லாமல் ஒரு எண்ணாகத்தான் கொச்சியில் இருக்கும் எங்கள் கம்பெனிக்குப் போகிறது. ஒரே எண் தொடர்ந்து துன்பத்தில் இருந்தால் அது சிவப்பாகும். அப்போதுதான் அந்தப் பகுதி கவுன்சலருக்குப் பெயர் திறக்கும். எட்டிப் பார்ப்பது வேறு, கவனிப்பது வேறு. டீச்சர் திரும்பி நிற்க வேண்டும் என்று வைத்ததும் பிள்ளைகளுக்காகத்தான். பக்கத்தில் பெரியவர்கள் நின்றால் அவர்களுக்குப் பிடித்த பழத்தைத்தான் பிள்ளைகள் கொடுப்பார்கள்.

இப்போது நான் சிலது கேட்க வேண்டியிருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆர்த்தியின் டேப்பில் வேறு பிள்ளை யாராவது விளையாடியதுண்டா? மலையில் நெட் கிடைக்காத நாட்களில் டீச்சர்களே பழத்தைத் தொட்டுவிட்டு அனுப்புவதாகச் சில பள்ளிகளில் நடந்திருக்கிறது. உங்கள் பள்ளியில் அப்படி நடந்ததா?

இன்னொன்று. அந்தப் பிள்ளையின் அப்பாவைப் பற்றி உங்களுக்கு முன்பே ஏதாவது தெரியுமா? எஸ்டேட்டில் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பிள்ளையைக் கூட்டிப்போனதற்கு இவ்வளவு கோபப்படுகிறீர்கள். பிள்ளை ஏன் துன்பப்பட்டது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

தனபால்

*

உடும்பஞ்சோலை
27 ஆகஸ்ட் 2025

தனபால் அவர்களுக்கு,

நானும் லயத்தில் பிறந்தவள்தான். என் அம்மா காய் எடுத்துத்தான் என்னை டீச்சர் ஆக்கினாள். லயம் என்பது ஒரே நீளச் சுவரில் வரிசையாகக் கதவு வைத்த வீடுகள். ஒரு வீட்டில் கரண்டி விழுந்தால் அடுத்த வீட்டில் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே காப்பாற்றவும் இடமில்லை, மறைக்கவும் இடமில்லை. பங்களாவில் குழந்தை அழுதால் டாக்டர் வருகிறார். லயத்தில் குழந்தை அழக்கூட இல்லை, போலீஸ் வந்துவிட்டது.

ஆனாலும் உங்கள் கேள்வி தன் வேலையைச் செய்துவிட்டது. நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆர்த்தியின் அப்பா சுருளிவேல், தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகிற ஜீப் ஓட்டுகிறவர். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் கைகளைப் பார்த்தேன். சின்னத்தாய் காபி கொண்டுவந்தபோது அவரைவிட்டு விலகி நடக்கிறாளா என்று பார்த்தேன். மனிதர்களை இப்படிப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான். அவருக்கும் புரிந்துவிட்டது.

"டீச்சரும் பாக்குறீகளா? பாருங்க. எல்லாரும்தான் பாக்குறாக. கண்ணாடியில என்னைய நானே பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

லைட்டை அணைத்த பிறகு அப்பா உபத்திரவம் செய்கிறார் என்று பிள்ளையே சொன்னதாக அதிகாரி அவரிடம் சொல்லியிருக்கிறார். ஸ்டேஷனில் உட்காரவைத்து அனுப்பியிருக்கிறார்கள். "லைட்ட அணச்சா நான் கரடி ஆயிருவேன் டீச்சர். போர்வையப் போத்திக்கிட்டு உறுமுவேன். அது கத்திக்கிட்டே போயி ஆத்தா மேல விழுகும். அம்புட்டுத்தான். இதுக்கு மேல என்னான்னு சொல்ல?"

நம்ப ஆசைப்பட்டேன். வெளியே வந்து பக்கத்து வீட்டுக் கத்தரீனாளிடம் கேட்டேன். "சத்தம் கேக்கும் டீச்சர். புள்ள கத்தும். அன்னைக்கெல்லாம் சிரிக்குதுன்னுதான் நெனச்சேன். சிரிச்சுச்சா அழுதுச்சான்னு இப்பக் கேட்டா எனக்கே சந்தேகமா இருக்கு" என்றாள். அவர் ஜீப்பில் இப்போது எந்தப் பெண்ணும் ஏறுவதில்லை. மேஸ்திரி வேறு வண்டி வைத்துவிட்டார்.

ஆர்த்தியின் டேப்பை யாரும் தொட முடியாது, கடித்துவிடுவாள். நானும் யாருக்காகவும் பழம் தொடவில்லை. அவள் எப்படிப்பட்ட பிள்ளை தெரியுமா? என் பைக்குள் தவளைக்குஞ்சு விட்டவள். கரும்பலகையில் தலைமை ஆசிரியருக்கு மீசை வரைந்தவள். நான் அவளை விஷமக்காரி என்றுதான் கூப்பிடுவேன். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதுகூட அப்படித்தான். அதற்குத்தான் அவள் எழுந்து நின்று "பிரசண்ட் டீச்சர்" சொல்வாள். இந்தப் பிள்ளை ஜூனிலிருந்து துன்பத்தில் இருந்தது என்கிறீர்கள். ஒன்று நான் குருடி, இல்லையென்றால் உங்கள் அணில் புளுகுகிறது. எது?

கற்பகம்

*

கொழிஞ்சாம்பாறை
8 செப்டம்பர் 2025

கற்பகம் டீச்சருக்கு,

ஓணம் லீவில் கொச்சி ஆபீஸ் காலியாக இருந்தது. நான் பார்க்கக் கூடாததைப் பார்த்தேன். உங்களுக்காகத்தான்.

ஆர்த்தி முதல் வாரத்தில் எல்லாப் பழத்தையும் தொட்டுப் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு ஒரே பழம். துக்கத்தின் பழம். ஒருநாள்கூட மாற்றவில்லை. அதைவிட என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. அணில் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்கு முன்பே அவள் அந்தப் பழத்தைத் தொட்டுவிடுகிறாள். கேள்வி முடியும்வரைகூடக் காத்திருக்க முடியாமல் ஒரு குழந்தை துக்கத்தைச் சொல்கிறதென்றால் என்ன அர்த்தம் டீச்சர்?

சிரிக்கிற பிள்ளை என்கிறீர்கள். நானும் வகுப்பைச் சிரிக்க வைத்தவன்தான். எங்கள் ஊரில் ரத்தினசாமி கவுண்டர் என்றால் மரியாதையாக எழுந்து நிற்பார்கள். அவர் வீட்டுக்குள் வந்தால் நான் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். அவர் என் அப்பா. முதுகில் தழும்போடு பள்ளிக்கூடம் போய் ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாத்தியாரும் கேட்கவில்லை. அத்தனை பேரும் சுவரைப் பார்த்து நிற்காதவர்கள்தான், என்னை நேராகப் பார்த்தவர்கள்தான்.

அதனால்தான் இந்த விளையாட்டை இப்படி அமைத்தேன். மகிழ்ச்சியைக் கொடுத்தால் அணில் கிளையில் இருந்தபடியே ஒரு குட்டிக்கரணம் போடும். கோபத்துக்குத் தள்ளி நின்று பார்க்கும். துக்கத்தைக் கொடுத்தால் மட்டும் மரத்தைவிட்டு இறங்கிவரும். பக்கத்தில் உட்காரும். பிள்ளையும் அதுவும் சேர்ந்து மரத்தில் தாளம் தட்டலாம். துக்கத்தைச் சொன்னால் யாராவது பக்கத்தில் வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான் என் வடிவமைப்பு. மலையாளத்தில் வேறு ஆட்கள் எழுதினார்கள். தமிழ் முழுக்க என் பொறுப்பு.

கரடி விளையாட்டு என்று எல்லா அப்பாக்களும் சொல்வார்கள். கத்தரீனாளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நீங்கள் எதை வைத்து உறுதியாக இருக்கிறீர்கள்? பிள்ளை பத்திரமாக இருக்கிறாள். கொஞ்சம் பொறுங்கள்.

தனபால்

*

உடும்பஞ்சோலை
23 செப்டம்பர் 2025

தனபால்,

இனி அவர்களுக்கு இவர்களுக்கு என்று எழுத எனக்குப் பொறுமை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சின்னத்தாயோடு, ஆர்த்தியை வைத்திருக்கிற பெண் பிள்ளைகள் ஹாஸ்டலுக்குப் போனேன். அம்மாவை மட்டும்தான் உள்ளே விடுவார்கள். வார்டன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அப்பாவுக்கு வாசல்கூடக் கிடையாது. நான் ரோட்டில் நின்றேன். சின்னத்தாய் வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் வைத்துத்தான் வாயைத் திறந்தாள்.

"நீங்கதான் எழுதிக் குடுத்தீகளா டீச்சர்?"

எதை என்றேன்.

"புள்ள கேக்குது. 'நான் விஷமம் பண்ணுனதுக்குத்தான என்னைய இங்க கொண்டாந்து விட்ருக்காக? இனிமே பண்ண மாட்டேன்னு டீச்சர்கிட்டச் சொல்லும்மா'ன்னு அழுவுது. அந்தப் பேர நீங்கதான வச்சீக?"

நான் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் நின்றுகொண்டாள். மலை ஏறுகிறவரை எனக்கும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் நான் சுவரைப் பார்த்து நிற்கவில்லை. மணிகண்டனின் டேப்பை வாங்கிப் பார்த்தேன். ஐந்து பழங்கள். மகிழ்ச்சி, கோபம், பயம், சோர்வு. ஐந்தாவதில் விஷமம் என்று போட்டிருக்கிறது.

மலையாளத்தில் விஷமம் என்றால் துயரம். தமிழில் விஷமம் என்றால் குறும்பு. எல்லையில் பிறந்து இரண்டு மொழியும் தெரிந்த உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டுமா?

பிள்ளைகளிடம் கேட்டேன். "விஷமம்னா சேட்டை டீச்சர். ஆர்த்தி பண்ணும்ல, அது" என்றான் மணிகண்டன். "அதத் தொட்டா அணிலு எறங்கி வந்துரும். நம்மகூடச் சேந்து மரத்தப் போட்டுத் தட்டும்." இன்னொருத்தி சொன்னாள், "அதுவும் விஷமக்கார அணிலுதான் டீச்சர்." ஆறுதல் சொல்ல இறங்கி வருகிறது என்று நீங்கள் நினைத்தீர்கள். கூட்டாளி வருகிறான் என்று அவர்கள் நினைத்தார்கள். மற்ற பிள்ளைகள் ஒருநாள் தொட்டார்கள், ஒருநாள் விட்டார்கள். ஆர்த்திக்கு அது அவள் பேர். லயத்தில் சேட்டை என்றுதான் சொல்வார்கள். விஷமம் என்ற சொல் என் வாயிலிருந்துதான் அவளுக்குப் போனது. அணில் அவள் பேரைக் காட்டியது, அவள் "பிரசண்ட்" சொன்னாள். கேள்வி முடியும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்?

லிஜியைப் போனில் பிடித்தேன். ரூமுக்குள் என்ன பேசினீர்கள், ஒரு சொல் மாறாமல் சொல்லுங்கள் என்றேன்.

"'வீட்டில் விஷமம் உண்டோ மோளே'ன்னு ஞான் சோதிச்சு. 'உண்டு'ன்னு தலையாட்டி. 'ஆரா விஷமம் உண்டாக்குன்னது'ன்னு கேட்டப்போ, 'அப்பாதான். லைட்ட அணச்சா ரொம்ப விஷமம் பண்ணும்' என்னு பறஞ்ஞு. எனிக்கு கரச்சில் வந்நு டீச்சரே."

அழுததாகச் சொல்கிறார். நான் தமிழ் அர்த்தத்தைச் சொன்னதும் அந்தக் கேள்விகளை அவரே ஒருதடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு, ஃபைல் மேலே போய்விட்டது, தப்பாகக் கேட்டேன் என்று தானாக எழுத முடியாது, தமிழில் இந்தச் சொல்தான் இருந்தது என்று அதைச் செய்தவர்களிடமிருந்து எழுத்தாக வந்தால் மறுபடி திறக்கலாம் என்றார்.

எழுதுங்கள். தமிழ்ப் பதிப்பில் துயரம் என்ற இடத்தில் விஷமம் என்று இருந்தது. அவ்வளவுதான். உங்கள் பெயர், கையெழுத்து. ஒரு பிள்ளை வீட்டுக்கு வருவதற்கு வேறு எதுவும் வேண்டாம்.

கற்பகம்

*

4 அக்டோபர் 2025

டீச்சருக்கு,

இதை டைப் அடித்து அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

நான் எழுதிய சொல் அது இல்லை. எங்கள் வீட்டில் துக்கத்தை வெசனம் என்போம். "ஏனுங்க வெசனமா இருக்கறீங்க?" என்றுதான் எங்கள் அம்மா ஜானகியம்மாள் கேட்பாள். நான் விசனம் என்று எழுதிக் கொடுத்தேன். கம்பெனியில் எனக்கு மேலே இருக்கிற ஜினோ அதைப் பார்த்துவிட்டு, இது எழுத்துப் பிழை, விஷமம் என்றுதான் இருக்க வேண்டும், இரண்டு மொழிக்கும் பொதுவான சொல்லாக இருந்தால் நல்லது என்றார். அவருக்குத் தமிழ் வாசிக்க வரும், அவ்வளவுதான். எதிரில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் சொல் பட்டிக்காட்டுச் சொல்லாகத் தெரிந்தது. சரி சார் என்றேன். வேறு சொல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

நீங்கள் கேட்டதை எழுதித் தர முடியாது. ஜினோவிடம் பேசினேன். ஒரு பள்ளியில் ஒரு சொல் தப்பு என்று கையெழுத்துப் போட்டால், சிவப்பு காட்டிய எல்லாப் பிள்ளைகளின் வீட்டாரும் அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்றார். அவர் கம்பெனிக்காகச் சொல்கிறார். நான் வேறொன்றுக்காகப் பயப்படுகிறேன். வாளையார் பக்கம் ஒரு மலையாளப் பள்ளியில் இந்த விளையாட்டு ஒரு பெண் பிள்ளையைக் கண்டுபிடித்தது. அங்கே சந்தேகம் எதுவும் இல்லை. அவளுக்கு நடந்ததை நான் எழுத மாட்டேன். அந்த ஆள் இப்போது ஜெயிலில் இருக்கிறான். என் கையெழுத்தோடு ஒரு காகிதம் கிடைத்தால் அவன் வக்கீல் அதை முத்தமிடுவான்.

உங்கள் சுருளிவேல் நல்லவராகவே இருக்கலாம். எனக்குத் தெரியாது. உங்களுக்கும் முழுசாகத் தெரியாது. கடைசிவரை ஒரு நூல் சந்தேகம் இருக்கத்தான் செய்கிறது, இல்லையா?

சொல்லை மாற்றிவிட்டோம். இனி எல்லா டேப்பிலும் சோகம் என்று சரியாக வரும். இனிமேல் எந்தப் பிள்ளைக்கும் இப்படி நடக்காது.

*

உடும்பஞ்சோலை
24 அக்டோபர் 2025

தனபால்,

நீங்கள் சரிசெய்ததால் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

சின்னத்தாயைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு, பள்ளியில் எழுதிக் கொடுத்து ஆர்த்தியின் டேப்பை வாங்கிக்கொண்டு அந்தக் குழந்தைகள் பாதுகாப்பு ஆபீசுக்குப் போனேன். சொல்லைக் காட்டினால் போதும், மலையாளம் தெரிந்தவருக்கும் தமிழ் தெரிந்தவருக்கும் ஒரே நொடியில் விளங்கிவிடும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அதிகாரி முன்னால் டேப்பைத் திறந்தேன். ஐந்தாவது பழத்தில் சோகம் என்று இருந்தது. அதுமட்டுமல்ல. ஆர்த்தி ஜூனிலிருந்து கொடுத்த பழமெல்லாம் வரிசையாகச் சோகம், சோகம், சோகம் என்று இருந்தது. பழைய நாட்களையும் சேர்த்தே மாற்றிவிட்டீர்கள்.

"டீச்சர் கொண்டுவந்ததே போதுமே. பிள்ளை தினமும் சோகம் என்றுதான் தொட்டிருக்கிறது. தமிழில் சோகம் என்றால் குறும்பா?" என்று கேட்டார் அவர். கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார்.

பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். டீச்சர் சொல்லிக் கொடுத்ததைத்தான் பிள்ளைகள் சொல்லும் என்றார். நீங்கள் கிழிக்கச் சொன்ன கடிதத்தை எடுத்து வைத்தேன். ஆமாம், கிழிக்கவில்லை. உங்களை நான் நம்பவில்லை, அதனால் வைத்திருந்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊர் இல்லை, பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. இதை யார் வேண்டுமானாலும் அடிக்கலாமே டீச்சர்" என்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். சுருளிவேலின் கைகளை நான் அப்படித்தான் பார்த்தேன்.

அன்றைக்கு டேப்பில் விஷமம் என்று பார்த்தவுடனே ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கலாம். எடுக்கவில்லை. உங்களுக்குத்தான் முதலில் எழுதினேன். தமிழ் தெரிந்தவர், தப்பு எங்கே என்று சொன்னால் ஓடிவந்து நிற்பார் என்று நினைத்தேன். நீங்கள் ஓடிப்போய் அழித்தீர்கள்.

வாளையார்ப் பிள்ளையைக் காட்டி என் வாயை அடைக்காதீர்கள். அவள் மலையாளத்தில் விளையாடினாள், மலையாளத்தில் சொன்னாள். தமிழ்ச் சொல் தப்பு என்று எழுதினால் அவள் சொன்னது எப்படிப் பொய்யாகும்? இது உங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு நூல் சந்தேகம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்பாவை ஊரில் எழுந்து நின்று கும்பிட்டார்கள், ஒருவரும் சந்தேகப்படவில்லை. இவர் ஜீப் ஓட்டுகிறவர், லயத்தில் இருக்கிறவர், இவர்மேல் சந்தேகப்பட ஒரு பழம் போதும்.

தீபாவளிக்கும் அவளை அனுப்பவில்லை. சுருளிவேல் ஹாஸ்டலுக்கு எதிர்க்கடையில் டீ குடிக்கிற மாதிரி பொழுது சாய்கிறவரை நின்றிருக்கிறார். மாடி ஜன்னலில் ஒருதடவையாவது தலை தெரியுமா என்று. கடைக்காரன் போன் போட்டுவிட்டான். பெண் பிள்ளைகள் ஹாஸ்டலை ஒருவன் நோட்டம் பார்க்கிறான் என்று. மறுபடி ஸ்டேஷன்.

உங்கள் விளையாட்டில் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வந்தது. நான் மறுக்கவில்லை. கூடைகளில் ஏலக்காயைப் பிரித்துப் போட்டுப் போட்டு மணிகண்டனே எட்டாம் வாய்ப்பாடு சொல்கிறான். விளையாட்டு நல்லதுதான். அதைச் செய்தவர்கள் ஒரு தப்பைத் தப்பு என்று சொல்லக்கூடிய ஆட்களாக இருந்தால்.

கையால் எழுதுங்கள். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள்.

கற்பகம்

*

உடும்பஞ்சோலை
18 நவம்பர் 2025

தனபால்,

என் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிட்டது. ரிஜிஸ்டர் தபாலின் ஒப்புகை அட்டை உங்கள் கையெழுத்தோடு திரும்பி வந்திருக்கிறது. கடிதத்தை வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட முடிகிறது உங்களால்.

போன ஞாயிறு என்னையும் உள்ளே விட்டார்கள். ஆர்த்தி வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். நான் வேண்டுமென்றே பையைத் திறந்து அவள் பக்கம் தள்ளி வைத்தேன், ஏதாவது எடுத்து ஒளித்து வைப்பாள் என்று. அவள் ஜிப்பை மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். பழக்கத்தில் விஷமக்காரி என்று கூப்பிட்டுவிட்டேன். வார்டனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நான் இப்பப் பண்றதில்ல டீச்சர்" என்றாள்.

வார்டனுக்கு ரொம்பத் திருப்தி. வந்தபோது ஓரிடத்தில் நிற்காது, இப்போது எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்கிறார். வீட்டிலிருந்து விலகியதும் பிள்ளையிடம் நல்ல மாற்றம் தெரிகிறது, இப்போதைக்கு வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று மேலே எழுதிவிட்டார்களாம். லிஜிதான் சொன்னார். அவர் குரலும் சரியில்லை. அடுத்த மாதம் முடிவு செய்துவிடுவார்கள், அதற்குப் பிறகு யார் எழுதினாலும் பலனில்லை என்றார்.

சின்னத்தாய் என்னோடு பேசுவதில்லை. சுருளிவேல் வீட்டில் லைட்டை அணைப்பதே இல்லையாம். கத்தரீனாள் சொன்னாள்.

இதற்கு மேல் உங்களிடம் நியாயம் பேச எனக்கு ஒன்றுமில்லை. தமிழில் விஷமம் என்றுதான் இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முடியாதென்றால், அப்படி ஒரு சொல் அங்கே இருந்ததே இல்லை, கற்பகம் பொய் சொல்கிறாள் என்று எழுதி அதிலாவது கையெழுத்துப் போடுங்கள். இரண்டில் ஒன்றை எழுதுங்கள்.

கற்பகம்